தரங்கம்பாடியை ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திருக்கடையூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிற வழியில் வண்டியை நிறுத்துகிறவர்கள். உச்சி வெயிலில் கோட்டை வாசலில் நாலு படம், கடற்கரையில் ஓர் ஐஸ்கிரீம், முக்கால் மணி நேரத்தில் மறுபடி வண்டி. அப்படி வந்தால் "இவ்வளவுதானா?" என்றுதான் தோன்றும். கோட்டை சின்னது. கடற்கரையும் மெரினா மாதிரி அகலமானது இல்லை.

இந்த ஊரின் அருமை எந்த ஒரு கட்டடத்திலும் இல்லை, ஊர் அமைப்பில் இருக்கிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்து இறங்கியதிலிருந்து 1845-இல் விற்றுவிட்டுப் போகும்வரை உருவான தெருக்கள், நுழைவாயில், தேவாலயங்கள், வீடுகள் எல்லாம் ஒரு சின்ன வட்டத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. அவர்களுக்கு 300 ஆண்டுகள் மூத்த பாண்டியர் காலத்துச் சிவன் கோயிலும், பள்ளிவாசலும், மீனவர் தெருக்களும் அதே வட்டத்துக்குள்தான். இதைக் காரில் சுற்றிப் பார்க்க முடியாது, நடக்க வேண்டும். ஒரு சாயங்காலமும் ஒரு விடியலும் வேண்டும். அதனால்தான் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறோம்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஜனவரி, பிப்ரவரி இரண்டும் அருமையான மாதங்கள். மழை ஓய்ந்து, பகலில்கூட நடக்க முடிகிற வெயில். மார்ச் பாதிவரை தாக்குப்பிடிக்கலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன்வரை வந்தே ஆகவேண்டும் என்றால், பகல் 11 மணி முதல் 3 மணிவரை அறையை விட்டு வெளியே வராதபடி திட்டம் போடுங்கள். கடலோரம் என்பதால் வெப்பநிலை பார்வைக்குக் குறைவாகத் தெரியும், ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் உடம்பைப் பிழிந்துவிடும். அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி. கடற்கரைக்குப் போகக்கூட விடமாட்டார்கள்.

கிழமைதான் பலர் கோட்டைவிடுகிற இடம். டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் இருப்பது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. வெள்ளி ராத்திரி வந்து சனிக்கிழமை பார்ப்பது நல்லது. வியாழன் ராத்திரி வந்து வெள்ளிக்கிழமை பார்ப்பது வீண். மற்ற நாட்களில் காலை 10 மணி வாக்கில் திறந்து மாலை ஐந்தே முக்காலுக்குள் மூடுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இடைவேளை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும். வழிபட வருகிறவர்களுக்கு அது நல்ல நேரம், கட்டடம் பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை.

இரண்டு கூட்டங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடைப்பயணமாகப் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக வரிசையாகப் போவார்கள். அந்த நாட்களில் இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது எல்லோருக்கும் நல்லது. இன்னொன்று, முகூர்த்த நாட்கள். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்யத் திருக்கடையூரில் கூடுகிற குடும்பங்கள் அக்கம்பக்கத்து லாட்ஜுகளையெல்லாம் முன்கூட்டியே பிடித்துவிடும். நாட்காட்டியில் முகூர்த்தம் பார்த்துவிட்டு அறை தேடுங்கள்.

வந்து சேர்வது

ரயிலில் வருகிறவர்களுக்கு மயிலாடுதுறை ஜங்ஷன்தான் வசதி. அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். 1926 முதல் 1986 வரை மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. அதை நிறுத்தியது இந்தப் பக்கத்து மக்களுக்கு இன்றும் ஆறாத குறை. காரைக்காலுக்கு ரயிலில் வந்து இறங்கினால் தரங்கம்பாடி இன்னும் பக்கம், ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

பஸ்ஸில் ஏறும்போது "தரங்கம்பாடி" என்று பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். காரைக்கால், நாகப்பட்டினம், பொறையார் என்று போட்டுக்கொண்டு வருகிற வண்டிகள்தான் அதிகம். பொறையாரும் தரங்கம்பாடியும் ஒட்டிய ஊர்கள். பெரிய பஸ் நிலையம் பொறையாரில் இருக்கிறது. சீர்காழி, சிதம்பரம் பக்கமிருந்து காரைக்கால் போகிற வண்டியில் ஏறி, கண்டக்டரிடம் "தரங்கம்பாடி கோட்டை வாசல்" என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டால் பொறையாரிலோ அதையும் தாண்டி நண்டலாற்றுப் பாலத்திலோ போய் இறங்குவீர்கள்.

சென்னையிலிருந்து காரில் வந்தால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறத்தாழ 280 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போடாமல் ஆறரை, ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே வாங்கிய மதுபாட்டிலோடு திரும்பி வந்தால் வண்டியோடு நிறுத்திவிடுவார்கள்.

தங்க இடம்

கோட்டைக்கு முன்னால் இருக்கிற மைதானத்தை ஒட்டி, பழைய கலெக்டர் பங்களா ஒன்று இப்போது பாரம்பரிய ஓட்டலாக இருக்கிறது. 1845-க்குப் பிறகு சில ஆண்டுகள், 1860 வரை, தஞ்சாவூர் ஜில்லாவுக்கே தலைநகர் தரங்கம்பாடிதான். அந்தக் காலத்தின் மிச்சம் அந்தப் பங்களா. அறைகள் குறைவு, வாடகை அதிகம். வார இறுதி என்றால் ஒரு மாதம் முன்பே கேட்க வேண்டும். பழைய தெருக்களிலும் சில வீடுகள் தங்குமிடமாக மாறியிருக்கின்றன. சிக்கனமாகத் தங்க நினைத்தால் காரைக்காலிலோ திருக்கடையூரிலோ அறை எடுக்கலாம். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்பி வர வேண்டியிருக்கும். முடிந்தால் ஊருக்குள்ளேயே தங்குங்கள். செலவை வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் சாப்பாட்டுக் கடைகள் சிறியவை, ராத்திரி சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். எட்டரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது பொறையாருக்குப் போங்கள். பணம் எடுக்கவும் மருந்து வாங்கவும்கூடப் பொறையார்தான் வசதி. குழந்தையோடு வருகிறவர்கள் பாலும் பிஸ்கட்டும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு படம்

1733-இல் டிரெல்லுண்ட் என்ற டேனிஷ் அதிகாரி தரங்கம்பாடிக்கு ஒரு வரைபடம் போட்டார். இணையத்தில் தேடினால் கிடைக்கும். அதைப் போனில் இறக்கிக்கொண்டு வாருங்கள். ஊருக்குள் நின்று அதைக் கூகுள் மேப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது இந்த ஊர் ஏன் விசேஷமானது என்பது புரிந்துவிடும். கோட்டை, அதன் முன் வெளி, மேற்கே வாசல், வாசலிலிருந்து கடலை நோக்கி நேராக ஓடும் ராஜ வீதி, அதற்கு இணையாகவும் குறுக்காகவும் மற்றத் தெருக்கள். ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் போட்ட படத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் வழி தவறாமல் நடக்கலாம். மாறியிருப்பது கிழக்கு ஓரம்தான். படத்தில் நிலமாக இருக்கிற இடத்தில் இப்போது அலை அடிக்கிறது.

ஊர் மாறாமல் நின்றதற்குக் காரணம் அதன் வீழ்ச்சி. 1845-இல், டேனிஷ்காரர்களிடம் இருந்த வங்காளத்துச் சேரம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடியை ஆங்கிலக் கம்பெனி வாங்கியது. பிறகு ரயிலும் கப்பலும் நாகப்பட்டினத்துக்குப் போயின. வியாபாரம் போனதும் பழைய வீடுகளை இடித்துப் பெரிதாகக் கட்ட இங்கே யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

முதல் நாள் சாயங்காலம்: வாசலிலிருந்து கோட்டைக்கு

மதியம் 3 மணிக்குள் வந்து சேர்ந்து, பையை அறையில் போட்டுவிட்டு மேற்கே ஊர் வாசலுக்கு நடந்து போங்கள். கோட்டைப் பக்கமிருந்து தொடங்காமல் வாசலிலிருந்து தொடங்குவது முக்கியம். ஊர் அப்படித்தான் திறந்துகொள்ளும். லாண்ட்போர்ட்டன் என்று டேனிஷ்காரர்கள் அழைத்த இந்த வாசலை 1792-இல் இப்போதிருக்கிற வடிவில் கட்டினார்கள். வெளிப்புறம் மேற்கு பார்த்தது, அதனால் மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். படம் எடுக்க அந்த நேரம்தான் சரி. வாசலுக்குள் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் நிற்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ராஜ வீதி. கடல்வரை பொடிநடையில் பத்து நிமிடம். தேவாலயங்களை நாளைக் காலைக்கு வைத்துக்கொண்டு இப்போது நேராகக் கோட்டைக்குப் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் மட்டும் கோட்டையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு ஒன்றரை மணி நேரமாவது முன்னதாக உள்ளே இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் சிறியதுதான், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கேமராவுக்குத் தனிச் சீட்டு கேட்கலாம்.

தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டு இந்தக் கோட்டையை எழுப்பியவர் ஓவே ஜெட்டே என்ற இளம் கடற்படைத் தலைவர். அப்போது டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாத நாயக்கர் தமிழில் எழுதி அனுப்பிய பொன்னேட்டுக் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

உள்ளே நுழைந்தால் நடுவில் முற்றம். கடல் பக்கமாக இரண்டடுக்குக் கட்டடம். கீழ்த்தளத்தில் கிடங்கு, சிறை, சமையலறை. மேல்தளத்தில் கவர்னரும் பெரிய வியாபாரிகளும் பாதிரியாரும் இருந்தார்கள். கீழே முதலில் பாருங்கள். வளைவுக் கூரையின் தடிமனைக் கவனியுங்கள். மேலே முழு வீடு ஒன்றைத் தாங்குவதற்காக அப்படிப் போட்டிருக்கிறார்கள். மிளகு மூட்டையும் துணிக்கட்டும் ஈரம் படாமல் இருக்க வேண்டும் என்பதும் இந்தச் சுவர்களின் கணக்கில் உண்டு. அருங்காட்சியகத்தில் பீங்கான், வாள், ஈட்டி, பழைய ஆவணங்கள், பீரங்கிக் குண்டு, ஒரு திமிங்கில எலும்புக்கூட்டின் பகுதி ஆகியவை இருக்கின்றன. அரை மணி நேரம் போதும். மீதி நேரத்தை மதில்மேல் செலவிடுங்கள்.

மதிலில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காரை உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கிற செங்கல் தெரியும். இன்றைய சூளைக் கல்லைவிட மெல்லியது. இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. இந்தச் சாந்து கடல் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், அதனால் சுவர் பிழைத்துக்கிடக்கிறது. இந்த மாதிரிப் பழைய சுவரில் எங்காவது சிமென்ட் பூச்சு ஒட்டியிருந்தால், அதன் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, காரை கொப்பளித்து நிற்கும். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே உப்பாகப் படிந்து கல்லைத் தின்கிறது. ஊர் முழுக்க நடக்கும்போது இதைக் கவனித்துக்கொண்டே வந்தால், எந்த வீட்டைச் சரியாகப் பழுதுபார்த்தார்கள், எதை அவசரத்தில் பூசினார்கள் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

மதில்மேல் நிற்கும்போது நினைத்துக்கொள்ள ஒரு செய்தி. 1669 வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. சொந்த நாட்டுக்கு மறந்தே போன இந்தக் கோட்டையைக் கடைசி டேனிஷ்காரராக நின்று காத்தவர் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே. ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவர்தான்.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் எதிரில் கவர்னர் பங்களா. டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் தமிழக அரசும் சேர்ந்து புதுப்பித்தது. திறந்திருந்தால் உள்ளே போகலாம், இல்லாவிட்டாலும் முன்தாழ்வாரத்தின் தூண் வரிசையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சூரியன் கடலில் மறையாது, இது கிழக்குக் கரை. அதற்குப் பதிலாகப் பௌர்ணமியன்று சாயங்காலம் நிலா கடலிலிருந்து எழுந்து வரும். தேதியை உங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடிந்தால் பௌர்ணமிக்கு வையுங்கள்.

விடியலில்: கோயிலும் கரையும்

சூரியன் ஜனவரியில் ஆறரை வாக்கிலும் மே, ஜூனில் ஐந்தே முக்கால் வாக்கிலும் எழும். அதற்கு இருபது நிமிடம் முன்பே கரையில் இருங்கள். கோட்டையின் கடல் பக்கச் சுவரும் கடலை ஒட்டிய மாசிலாமணிநாதர் கோயிலும் முதல் வெயிலில் நிறம் மாறுகிற நேரம் கால்மணிதான்.

மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் 1305-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர். டேனிஷ்காரர்கள் வந்து ஒன்றுமில்லாத மணலில் ஊரை உண்டாக்கினார்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கல்வெட்டை நினைவில் வையுங்கள். பட்டினம் என்று பெயர் வைக்கிற அளவுக்கு இங்கே முன்பே ஒரு துறை இருந்தது. கோயிலின் முன்பகுதியைக் கடல் வாங்கிக்கொண்டது. பழைய கற்பகுதியும் பின்னால் எழுப்பிய புதுக் கட்டுமானமும் இப்போது சேர்ந்து இருக்கின்றன. அலைத்தடுப்புக்குப் போட்ட பாறைகளுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். நடை மதியம் சாத்தியிருக்கும்; காலையும் மாலையும்தான் தரிசனம். பூஜை நடக்கும்போது கேமராவை உள்ளே வையுங்கள்.

இந்தக் கரையில் கடல் ஏன் இப்படி நிலத்தைத் தின்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுதும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. நடுவில் எங்காவது கல்லைக் கொட்டித் தடுப்புப் போட்டால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். ஓரிடத்தைக் காக்கப் போடுகிற சுவர் அடுத்த ஊருக்குச் சிக்கலாகிவிடுவது இதனால்தான்.

மீன் வாங்க, வேடிக்கை பார்க்க, படகுகள் கரையேறுகிற காலை நேரம் நல்லது. ஏலம் நடக்கும்போது கூட்டத்துக்குள் புகுந்து விலை கேட்காதீர்கள். அது வியாபாரிகளின் நேரம், ஒரு கை அசைந்தாலும் கணக்கு மாறும். ஏலம் முடிந்தபின் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் "அக்கா, இந்தக் கூறு எவ்வளவு?" என்று கேளுங்கள். செவுள் ரத்தச் சிவப்பாகவும் கண் புடைத்தும் இருக்க வேண்டும். தொட்டால் குழி விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம். சுத்தம் செய்து தரச் சொன்னால் தனியாகக் காசு கொடுங்கள். ஊருக்கு எடுத்துப்போவதானால் தெர்மோகோல் பெட்டியும், மீன் எடைக்குச் சமமாக நொறுக்கிய ஐஸும் வேண்டும். அதற்குக் குறைந்தால் நாலு மணி நேரப் பயணத்துக்குத் தாங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். அந்த நாட்களில் வஞ்சிரம் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் நெத்திலியோ சங்கராவோ கிடைப்பதை வாங்குங்கள்.

வலை பின்னுகிறவர்களையும் படகில் இருப்பவர்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மீனவர் தெருக்களில் ஏராளமானோர் இறந்தார்கள். தெரியாத ஆள் வந்து "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பது இன்றும் வலிக்கிற விஷயம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

குளிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கோட்டைக்கு முன்னால் வேண்டாம். பாறைகளுக்கு நடுவே அலை உள்ளே வந்து சுழன்று திரும்பும். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் எலும்பு முறியும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக, கலங்கலாக ஒரு பாதை தெரிந்தால், அதுதான் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிற இடம். குழந்தைகள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். முழங்காலுக்கு மேல் இறங்காதிருப்பது அதைவிட நல்லது.

இங்கே வீசுவது ஓசோன் நிறைந்த காற்று என்றும் சொல்வார்கள். தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். இங்கே கிடைப்பது புகையில்லாத நல்ல கடற்காற்று. அந்தப் பெருமையே இந்த ஊருக்குப் போதும்.

ராஜ வீதித் தேவாலயங்களும் அச்சுக்கூடமும்

காலைப் பலகாரத்துக்குப் பிறகு, 9 மணி வாக்கில் ராஜ வீதிக்குத் திரும்புங்கள். சீயோன் ஆலயம் 1701-இல் டேனிஷ்காரர்களின் வழிபாட்டுக்காக எழுந்தது. புதிய எருசலேம் ஆலயம் தமிழ்ச் சபைக்காக ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு கட்டியது. 1707-இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் கடலுக்குப் பக்கத்தில் இருந்ததால் நிலைக்கவில்லை. புதிய ஆலயத்தின் முகப்பில் மேலே பாருங்கள்: மகுடம், அதன்கீழ் பின்னிய எழுத்துகள், 1718 என்ற ஆண்டு. அது அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரை. உள்ளே பலிபீடத்தருகே சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று சக போதகர் புளூட்சாவோடு இங்கே இறங்கி, தமிழ் கற்று, 1719-இல் 36 வயதில் இறந்துபோனார்.

வார நாட்களில் கதவு பூட்டியிருக்கலாம். வளாகத்துக்குள் யாராவது இருப்பார்கள், "ஐயா, உள்ளே பார்க்கலாமா?" என்று கேட்டால் சாவியோடு வருவார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். காணிக்கைப் பெட்டியில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள்; கடற்கரைக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது ஓயாத செலவு.

அச்சு விஷயத்தில் ஒரு பிழை ஊரெங்கும் உலவுகிறது. தமிழில் முதல் புத்தகம் அச்சானது தரங்கம்பாடியில் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது சரியில்லை. கொல்லத்தில் 1578-லேயே தமிழ் அச்சேறிவிட்டது. இங்கே நடந்தது வேறு வகையில் பெரிய காரியம். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்து, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகிதத்துக்காகப் பொறையார் பக்கம் ஓர் ஆலையும் போட்டார்கள். சீகன்பால்கு நினைவாக இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு பொருளும் இடத்தில் வந்து உட்காரும்.

பிறகு கோல்டுஸ்மித் தெருவுக்குத் திரும்புங்கள். சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு இங்கே தமிழ் வீடுகளைப் புதுப்பித்தது. திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, உள்ளே முற்றம். ராஜ வீதியின் உயர்ந்த தூண்களைப் பார்த்த கண்ணோடு வந்தால் இரண்டும் ஒரே வெயிலுக்கு எப்படி வேறு வேறு விடை கண்டன என்பது தெரியும். இவை மனிதர்கள் குடியிருக்கிற வீடுகள். திண்ணையில் உட்காரும் முன் வீட்டாரைக் கேளுங்கள்.

ஏமாறாமல் இருக்க

கரையில் டேனிஷ் காசு என்று செப்புக் காசுகளைக் காட்டி விற்க வருவார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் காசு அடித்தது உண்மை: ஒரு பக்கம் அரசரின் மகுட எழுத்து, மறுபக்கம் கம்பெனியின் பின்னெழுத்து. ஆனால் கையில் வருகிறவற்றில் போலி அதிகம். விளிம்பில் சுற்றிலும் கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலோ அது வார்ப்பில் செய்தது. உண்மையானதாகவே இருந்தாலும் வாங்காதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மதிலிலிருந்து உதிர்ந்த செங்கல்லையோ ஓட்டையோ நினைவுக்காக எடுப்பதும் குற்றம்தான். ட்ரோன் பறக்கவிடுவதற்கும் கல்யாணப் படப்பிடிப்புக்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, சட்டென்று கழற்றி மாட்டுகிற செருப்பு, கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஏற்ற உடை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோட்டைப் படிகள் சிரமம். கீழ்த்தளமும் முற்றமும் மட்டும் பார்த்தாலும் குறையில்லை.

திரும்பும் வழியில்

பதினொரு மணிக்குள் ஊரை முடித்துவிட்டால் அரை நாள் மீதி இருக்கும். பொறையாருக்கு அருகில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று 1914-இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. 1915-இல் காந்தியே அங்கே வந்தார். இப்போது வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து திருக்கடையூர் பக்கம்தான். ஆனால் கோயில் மதியம் நடை சாத்திவிடும் என்பதால், 12 மணிக்குள் போய்ச் சேர முடியாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பூம்புகாரையும் அதே நாளில் சேர்க்க நினைப்பவர்கள் சொந்த வண்டி இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்பினால் இரண்டு இடங்களும் அரைகுறையாகிவிடும்.

மயிலாடுதுறையில் ராத்திரி ரயிலைப் பிடிக்கிறவர்கள் பொறையாரிலிருந்து ரயில் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே பஸ் ஏறிவிடுங்கள். முகூர்த்த நாள் என்றால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். திருக்கடையூர்க் கடைத்தெருவில் வண்டிகள் நகரவே நகராது.